புறநானூறு 74: பெத்தவ எங்கே?

எம்.ஏ. வகுப்பில் ஐயா புறநானூறு 74ஆம் பாட்டை நடத்தினார். சோழன் செங்கணானின் சிறையில் தண்ணீருக்குக் கையேந்த நேர்ந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. குழந்தை செத்துப் பிறந்தாலும், வெறும் தசைப் பிண்டமாய் விழுந்தாலும், அதையும் ஆளாகவே மதித்து வாளால் வெட்டிப் புதைப்பது தம் குடி வழக்கம் என்கிறான். மானத்தைச் சொல்லிச் சொல்லி ஐயா உருகினார். எனக்கு ஒரே கேள்விதான் ஓடிக்கிட்டிருந்தது: பெத்தவ எங்கே?

பாட்டில் அவளுக்குப் பெயர்ச்சொல் கிடையாது. இப்படி இரந்து உண்பவனைப் பெறுவார்களா என்று கடைசியில் ஒரு வினைச்சொல் வருகிறது, அவ்வளவுதான். அங்கேயும் கேள்வி பெற்றவர்களை நோக்கித்தான்.

எங்கம்மாவுக்கு அஞ்சு மாசத்துல கலைஞ்சது. நாத்துக்கட்டு தூக்கும்போதே வலிச்சிருக்கு. பாதியில போனா அரை ஆள் கூலின்னு பண்ணையில சொன்னதால பொழுது சாயுற வரைக்கும் சேத்துல நின்னுருக்கு. பாட்டிதான் பழந்துணியில சுத்திப் புதைச்சது. மூணாம் நாள் அம்மா மறுபடி நடவுக்குப் போச்சு. அரசகுடியில் பிண்டமும் ஆள். பண்ணைக் கணக்கில் உயிரோடு நின்ற சேரிப் பெண் அரை ஆள். இதைச் சொல்லாமல் அந்தப் பாட்டை எப்படிப் பாடம் நடத்துவது?

ஊரும் உறவும் அம்மாவைத்தான் கேட்டது: "எதத் தின்ன? எங்க தாண்டுன?" முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம் என்கிறது மருத்துவம். தின்றதும் தாண்டியதும் அல்ல. கடும் ரத்தசோகை, மலேரியா, கவனிக்கப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரை இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டுபவை. அதில் பலவும் சோறும் கூலியும் ஆஸ்பத்திரித் தூரமும் சம்பந்தப்பட்டவை. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. ஆலைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் சொன்னது; நடவு வயலுக்குச் சொல்லவில்லை.

தோழர்களே, சங்கப் பாட்டைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பிக்க முடியாது. பசியை எழுதினேன், கலவரத்தை எழுதினேன். வீட்டுக்குள் இருந்த இந்த ரத்தத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

இழந்தவளிடம் "அடுத்தது தங்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது ஆறுதல் ஆகாது. காய்ச்சல் கண்டாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஓர் ஆள் வேண்டும். கூலி போகாத ஓய்வு வேண்டும். "உன் தப்பில்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் அவள் பேசுவதைக் கேட்க வேண்டும்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். "பொண்ணுடி" என்றது. இத்தனை வருஷத்தில் யாருமே கேட்கவில்லையாம்.