பெல்ட் இருக்கு... கொக்கி எங்கே?

பாண்டிச்சேரியிலிருந்து சேதராப்பட்டு பக்கம் போயிருக்கிறீர்களா? வில்லியனூர் கொம்யூனின் தொழிற்பேட்டை அது. பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம் மாதிரி. புதுசாக ஷெட் எழும்புகிற இடம் ஏதாவது கண்ணில் பட்டால், ஐந்து நிமிஷம் நின்று அண்ணாந்து பாருங்கள்.

அப்படி ஒரு சைட் ஆபீசில் (பெயர் வேண்டாமே!) இன்ஜினீயர் ஒரு ஃபைலை என் முன்னால் வைத்தார். என்னென்ன ஆபத்து வரலாம், எவ்வளவு வரலாம் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. வேலை: கூரை ஷீட் போடுவது. ஆபத்து: தவறி விழுவது. நடக்கிற வாய்ப்பு 3, நடந்தால் பாதிப்பு 5. பெருக்கினால் 15. சிவப்பு!

பக்கத்துக் கட்டத்தில் ஒரே வரி: 'பெல்ட் அணியவும்.' அவ்வளவுதான். வாய்ப்பு 1 ஆகிவிட்டது. ஒன்று பெருக்கல் ஐந்து, ஐந்து. பச்சை!

நான் பி.காம். கணக்கை டேலி பண்ண எண்களை நகர்த்துகிற வித்தை எனக்குப் பழக்கம் (பார்த்துப் பழக்கம்தான், செய்து அல்ல). ஆனால் ஒரு வரி எழுதி மரணத்தையே டேலி பண்ணுவதை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்தால், மேலே இரண்டு பையன்கள். பெல்ட் போட்டிருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. கொக்கி மட்டும் முதுகுக்குப் பின்னால் வால் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மாட்டுவதற்குக் கயிறே கட்டவில்லையே!

மேஸ்திரி சொன்னார்: "போல்ட் வரிசை மேலதான் சார் காலை வைக்கணும். அதுக்கு அடியிலதான் இரும்பு ஓடுது. நடுவுல வெச்சா ஆஸ்பெஸ்டாஸ் உடைஞ்சுடும். வெளிச்சத்துக்குப் போடற ஃபைபர் ஷீட் இன்னும் மோசம். தூசி படிஞ்சா எது எதுன்னே தெரியாது." ஃபைலில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கீழே வலை கட்டுவது, நடக்கப் பலகை போடுவது, முடிந்ததைத் தரையிலேயே பூட்டி மேலே தூக்குவது... இதெல்லாம் யோசித்த பிறகு, கடைசியாகத்தான் பெல்ட். இங்கே அதுவே முதலும் முடிவும்.

சின்ன சைட், அதனால்தான் என்று தள்ளிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 30-ம் தேதி, எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த அனல் மின் நிலையத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள். வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2009-ல் சத்தீஸ்கர் கோர்பாவில், பாதி எழுந்த புகைபோக்கி விழுந்து 45 பேர். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் அடுக்குமாடியே உட்கார்ந்து 61 பேர். அங்கே கட்டியவர்கள் இடி விழுந்தது என்றார்கள். இருக்கட்டும். மழைக்காலத்தில் இடி இடிக்கும் என்பது கட்டம் போட்டு எழுத வேண்டிய ஆபத்து இல்லையா?

சட்டமும் தலையைத்தான் எண்ணுகிறது. 1996-ம் வருஷச் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் கட்டாயம் ஒரு பாதுகாப்பு அதிகாரி. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 250 ஆகியிருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் சேதராப்பட்டு ஷெட்டில் இருந்தது இருபது பேர்! இருபதாவது ஆள் விழுந்தாலும் அதே உயரம், அதே தரை.

கிளம்பும்போது இன்ஜினீயரிடம் கேட்டேன்: "இந்தக் கட்டத்தை நிரப்பறப்போ அந்தப் பையன்களைக் கேட்டீங்களா?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது சார். ஒடிசா."

ஃபைலைத் திருப்பிப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில், 'படித்துப் புரிந்துகொண்டோம்' என்ற வரிக்குக் கீழே, வரிசையாக இருபது கைநாட்டு.