பெயர் ஒன்று, வேகம் பல

விளையாட்டு மடிக்கணினி வாங்குபவரிடம் இரண்டு வகையான கூற்றுகள் வந்து சேர்கின்றன. ஒன்று, தயாரிப்பாளர் கணினியின் மேல் ஒட்டி அனுப்பும் வில்லை. மற்றொன்று, ‘புதுக் கணினியை வேகப்படுத்துவது எப்படி?’ என்று நண்பர்களும் காணொளிகளும் வழங்கும் அறிவுரை. முன்னது வேகத்தை வாக்களிக்கிறது. பின்னது அந்த வேகத்தை இன்னும் கூட்டித் தருவதாகச் சொல்கிறது. இவற்றுள் எது உண்மை, எது பாதி உண்மை, எது வெறும் சடங்கு? ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இதில் அடங்கியிருப்பதால் இக்கேள்வியைப் பொழுதுபோக்குக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. இயற்பியலைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டையும் எடை போட்டுப் பார்ப்போம்.

வில்லை சொல்லாதது

விளையாட்டுக் காட்சிகளைத் திரையில் வரைந்து தருவது வரைகலைச் செயலி. வாங்குபவர் முதலில் பார்ப்பது அதன் பெயரைத்தான். என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4060 மடிக்கணினிச் செயலியை எடுத்துக்கொள்வோம். அந்நிறுவனத்தின் விவரக் குறிப்பின்படி இதற்குத் தரப்படும் மின்திறன் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இருக்கலாம். அதன் உச்ச அதிர்வெண்ணும் 1470 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2370 மெகாஹெர்ட்ஸ் வரை மாறும். எவ்வளவு தருவது என்பதை மடிக்கணினியை வடிவமைப்பவர் முடிவு செய்கிறார். மெல்லிய உடலில் 35 வாட்டுடன் இயங்கினாலும், தடித்த உடலில் 115 வாட்டுடன் இயங்கினாலும் வில்லையில் இருக்கும் பெயர் ஒன்றே!

மேசைக் கணினியோடு ஒப்பிட்டால் குழப்பம் இன்னும் பெரிதாகிறது. 2022இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 மேசைக் கணினி அட்டையில் 16,384 கணிப்பு உட்கருக்கள் உள்ளன. அது 450 வாட் வரை மின்திறன் எடுத்துக்கொள்ளும். 2023இல் அதே எண்ணுடன் வந்த மடிக்கணினிச் செயலியில் இருப்பவை 9,728 உட்கருக்களே. அதன் அடிப்படை மின்திறன் வரம்பு 80 முதல் 150 வாட். உள்ளே இருக்கும் சில்லும் வேறு. சித்தப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டால் சித்தப்பாவின் பலம் பிள்ளைக்கு வந்துவிடுமா?

முன்பு நிலைமை ஓரளவு தெளிவாக இருந்தது. 2016க்கு முன் மடிக்கணினிச் செயலிகளின் எண்ணுக்குப் பின்னால் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும்; இது மேசைக் கணினியின் செயலி அன்று என்பது பார்த்தவுடன் தெரியும். பின்னர் அந்த எழுத்து போயிற்று. 2017 முதல், குறைந்த மின்திறனில் இயங்குபவற்றுக்கு ‘மேக்ஸ்-கியூ’ என்ற அடையாளம் இருந்தது. 2021இல் அதுவும் செயலியின் பெயரிலிருந்து மறைந்தது. குறைகூறல் எழுந்த பிறகு, மின்திறனையும் அதிர்வெண்ணையும் மடிக்கணினி நிறுவனங்கள் தங்கள் தயாரிப்புப் பக்கங்களில் வெளியிட வேண்டும் என்று என்விடியா கூறியது. ஆனால் அந்த எண் விவரக் குறிப்பின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தால் வாங்குபவருக்கு என்ன பயன்? மாவரைக்கும் இயந்திரத்துக்குக் கூடக் குதிரைத்திறனைக் கேட்டுத்தான் வாங்குகிறோம். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளை வெறும் பெயரைக் கேட்டு வாங்குகிறோம்.

வெப்பமே எல்லை

மின்திறன் ஏன் இவ்வளவு முக்கியம்? சில்லுக்குள் செல்லும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. அந்த வெப்பத்தை இரண்டு விரற்கடை உயரமுள்ள பெட்டியிலிருந்து வெளியேற்ற வேண்டும். செம்பு வெப்பக்குழாய்களும் சிறு மின்விசிறிகளும் இப்பணியைச் செய்கின்றன. அடக்கமான உடலில் நூறு வாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை வெளியேற்றிக் காட்டுவது பொறியியலின் உண்மையான சாதனை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சாதனைக்கும் எல்லை உண்டு. இன்டெல் நிறுவனத்தின் ஐ7-13700எச் மையச் செயலியின் அடிப்படை மின்திறன் 45 வாட். குறுகிய நேரத்துக்கு 115 வாட் வரை அது தாவும். வெப்பநிலை 100 டிகிரி செல்சியசைத் தொட்டதும், தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே வில்லையிலுள்ள வேகம் சில நொடிகளுக்குரிய வேகம். அரை மணி நேரம் ஆடும்போது கிடைப்பது வேறு வேகம்.

சுற்றுப்புறமும் இதில் பங்கு கொள்கிறது. அறையின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது சில்லு 85 டிகிரியில் நிற்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் வேறுபாடு 60 டிகிரி. மின்திறனும் விசிறியின் வேகமும் மாறாவிட்டால் இந்த வேறுபாடு ஏறத்தாழ அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் அறை 38 டிகிரிக்கு ஏறினால் சில்லு 98ஐ எட்டிவிடும். குளிர்பதன அறையில் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரை நம் வீட்டுக் கூடத்தில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே விடை.

முதல் நாளில் செய்யத்தக்கவை

இனி அறிவுரைகளுக்கு வருவோம். அவற்றுள் சில மெய்யாகவே பயன் தருபவை.

முதலில் திரையைக் கவனியுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை என்று விலை கொடுத்து வாங்கியிருப்பீர்கள். இயக்கமுறைமையின் காட்சி அமைப்பில் அது 60 என்று இருந்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 6.9 மில்லி நொடிக்குப் பதிலாக 16.7 மில்லி நொடி கழியும். ஒரே சொடுக்கில் தீரும் குறை இது.

அடுத்தது நினைவகம். டி.டி.ஆர்.5-4800 வகை நினைவகப் பலகை ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 38.4 ஜிகாபைட் வரை தரவு செல்லும். இரண்டு இருந்தால் 76.8 வரை செல்லும். இதனால் விளையாட்டின் வேகம் இரட்டிப்பாகிவிடாது. ஆயினும் மையச் செயலி தரவுக்காகக் காத்திருக்கும் இடங்களில் வேறுபாடு தெரியும். ஒரு செருகுவாய் காலியாக இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, படம் திரைக்குச் செல்லும் வழி. பல மடிக்கணினிகளில் வரைகலைச் செயலி வரைந்த படம், மையச் செயலியோடு இணைந்த சிறு வரைகலைப் பகுதியின் வழியாகவே திரைக்குப் போகிறது. மின்கலத்தைச் சிக்கனப்படுத்த வந்த ஏற்பாடு இது. சில கணினிகளில் இந்தச் சுற்றுவழியைத் தவிர்த்து நேர்வழியில் அனுப்பும் மாற்றுக்குமிழ் உண்டு. ஆடும்போது நேர்வழியும், படிக்கும்போது சிக்கன வழியும் பொருத்தம்.

நான்காவது, மின்னிணைப்பு. மின்கலத்தின் கொள்ளளவு 80 வாட்-மணி, இரு செயலிகளும் சேர்ந்து எடுப்பது 150 வாட் என்றால், 32 நிமிடங்களில் கலம் காலி. அவ்வளவு மின்னோட்டத்தைக் கலம் தாங்காது என்பதால், இணைப்பைப் பிடுங்கியதும் கணினியே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஆடும்போது உடன் வந்த மின்னேற்றியைச் செருகியே வையுங்கள். எப்போதும் செருகியே பயன்படுத்துபவர்கள், தயாரிப்பாளரின் மென்பொருளில் வசதி இருந்தால், மின்னேற்ற வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்துவது நல்லது. முழு மின்னேற்றமும் சூடும் சேர்ந்தால் லித்தியம் அயனிக் கலம் விரைவில் முதுமை அடையும்.

நான்கிலும் பொதுவான ஒன்றைக் கவனித்தீர்களா? இவற்றில் எதுவும் கணினிக்குப் புதிய வலிமையைத் தரவில்லை. விலை கொடுத்த வலிமைக்குக் குறுக்கே நின்ற தடையையே நீக்கின.

பாதி உண்மைகளும் சடங்குகளும்

‘மின்னழுத்தத்தைக் குறையுங்கள், வேகம் கூடும்’ என்பது அடிக்கடி கேட்கும் அறிவுரை. முரண்போலத் தோன்றினாலும் இதற்கு அடிப்படை உண்டு. சில்லின் இயக்கத்தில் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கிறது. அதிர்வெண்ணை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் 10 விழுக்காடு குறைத்தால், இந்த மின்திறன் 0.81 மடங்காகிறது, அதாவது 19 விழுக்காடு மிச்சம். வெப்பம் குறைவதால் சில்லு தன் வேகத்தை நெடுநேரம் காத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் எந்த அளவு குறைத்தால் கணினி நிலைகுலையும் என்பது சில்லுக்குச் சில்லு மாறும். மேலும், மின்னழுத்தத்தை மென்பொருள் வழியே மாற்றுவதைக் கொண்டு பாதுகாப்பை உடைக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினர். அதன்பின் பல இன்டெல் மடிக்கணினிகளில் இந்த வழி பூட்டப்பட்டுவிட்டது. இவற்றைச் சொல்லாமல் எல்லாருக்கும் ஒரே எண்ணைப் பரிந்துரைக்கும் அறிவுரை பாதி உண்மையே.

விண்டோஸ் 11இல் ‘நினைவக ஒருமைப்பாடு’ என்ற காவல் வசதி உண்டு. சில சூழல்களில் அது விளையாட்டின் வேகத்தைக் குறைக்கிறது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே 2022இல் ஒப்புக்கொண்டது. விரும்பினால் ஆடும்போது அணைத்து, ஆடி முடித்ததும் மீண்டும் போடலாம் என்றும், அணைத்திருக்கும்போது கணினி தாக்குதலுக்கு ஆளாகலாம் என்றும் கூறியது. ‘அணையுங்கள்’ என்ற முதல் பாதி மட்டுமே ஊரெங்கும் பரவியிருக்கிறது! பணப் பரிமாற்றமும் படிப்பும் நடக்கும் அதே கணினியில் சில படங்கள் கூடுதலாகக் கிடைப்பதற்காகக் காவலை நீக்குவது தகுமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பதிவேட்டைத் துப்புரவு செய்யும் மென்பொருள்கள் வெறும் சடங்கு வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாப்ட் ஆதரிப்பதில்லை. தவறாக ஏதேனும் அழிந்தால் இயக்கமுறைமையையே மீண்டும் நிறுவ நேரலாம். நினைவகத்தைக் ‘காலி செய்யும்’ மென்பொருள்களும் அப்படியே. காலியான நினைவகத்தில் அடிக்கடி வேண்டும் தரவை வைத்துக்கொள்வது இயக்கமுறைமையின் நல்ல பழக்கம். அதை விரட்டிவிட்டால் மறுபடி வட்டிலிருந்தே படித்தாக வேண்டும்.

எப்படி அறிவது?

இவ்வளவுக்கும் பிறகு யாரை நம்புவது என்று கேட்பீர்கள். யாரையும் நம்ப வேண்டாம்; அளந்து பாருங்கள். ஒரே விளையாட்டில், ஒரே காட்சியை, 20 நிமிடம் இயக்குங்கள். நொடிக்கு எத்தனை படம், செயலிகளின் வெப்பநிலை, வரைகலைச் செயலி எடுக்கும் வாட், அறையின் வெப்பநிலை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்து சராசரி காணுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து மீண்டும் அளவிடுங்கள். மூன்று அளவீடுகளுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிட மாற்றத்தின் விளைவு பெரிதாக இருந்தால் மட்டுமே அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பத்து மாற்றங்களை ஒரே நாளில் செய்தவர், எது பயன் தந்தது என்பதை ஒருநாளும் அறியமாட்டார். பள்ளி ஆய்வகத்தில் ஊசலின் நீளத்தை மாற்றும்போது வீச்சை மாற்றாமல் வைத்தீர்களே, அதே முறைதான் இது.

அளவிடுவது நம் கடமை என்றால், அளவைச் சொல்வது தயாரிப்பாளரின் கடமை. வரைகலைச் செயலியின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அதன் வாட் அச்சிடப்பட வேண்டும். அரை மணி நேர ஓட்டத்தில் அது தாக்குப்பிடிக்கும் வேகமும், சோதித்த அறையின் வெப்பநிலையும் உடன் தரப்பட வேண்டும். அதுவரை, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது ‘எந்தச் செயலி?’ என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள், ‘எத்தனை வாட்?’ என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத கடையில் அவசரப்பட வேண்டியதில்லை.