அன்டெனா வயரில் இணையம்: பெட்டி நல்லது, முனைதான் வில்லன்

கற்பிட்டிப் பக்கம் பழைய வீடுகளின் சுவருக்குள் ஒரு வயர் சும்மா கிடக்கிறது. 1982இல் ரூபவாஹினி வந்த பிறகு கூரையில் அன்டெனா ஏற்றினார்கள். தூரதர்ஷன் பிடிக்க ஆசைப்பட்டவர்கள் கம்பத்தை இன்னும் உயர்த்தினார்கள். டிஷ் வந்ததும் எல்லாம் மறந்துபோனது. கம்பம் துருப்பிடித்து விழுந்தாலும் உள்ளே கோவாக்ஸ் வயர் அப்படியே இருக்கிறது. அந்த வயரில் வீட்டு இணையத்தை ஓட்டும் மொக்கா பெட்டி ஒரு சோடியோடு சோளகக் காலம் முழுக்க வாழ்ந்து பார்த்தேன்.

தேவை எளிமையானது. 4ஜி ரவுட்டருக்கு மாடி ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கிறது. கொங்கிரீட் தட்டுக்குக் கீழே வைஃபை மூச்சுத் திணறுகிறது. கொழும்புக் கடைகளில் கேட்டால் மெஷ் வாங்கச் சொல்வார்கள். அதுவும் அதே தட்டைத்தான் துளைக்க வேண்டும். கரண்ட் வயர் வழியே அனுப்பும் பெட்டியையும் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் அது படுத்துவிடும்.

மொக்கா 2.5இன் 2.5 கிகாபிட் கணக்கெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. நம் 4ஜி அதன் கால்தூசிக்கும் வராது. தாமதம் மூன்று நான்கு மில்லிசெக்கன்தான் கூடுகிறது, வீடியோ அழைப்பு உறைவதில்லை. ரவுட்டர் பக்கம் ஒன்று, கீழே ஒன்று, நடுவில் பழைய வயர். மாட்டியவுடன் வேலை செய்தது. இதற்கு மேல் பெட்டியைப் புகழ எதுவும் இல்லை. எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள். பெரும்பாலானவற்றின் வயிற்றில் மேக்ஸ்லீனியர் சிப்தான்.

இனி உப்பு.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, தெற்கே உப்பளங்கள். சோளகம் வீசும் மாதங்களில் கண்ணாடியைத் துடைத்து வைத்தால் மாலைக்குள் பிசுபிசுக்கும். அதே காற்று வயரின் முனைக்குள்ளும் புகுகிறது. மலிவான ஆர்ஜி-6 வயரின் வெளிப்பின்னல் அலுமினியம், முனை பித்தளை. உப்பு ஈரம் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அரிக்கும். நடுக்கம்பி பல வயர்களில் செம்பு பூசிய இரும்புதான். பூச்சு கீறினால் இரும்பு துருவேறும். பின்னல் திரிபோல ஈரத்தை உள்ளே இழுப்பதால் வெளியே பளபளக்கும் முனையைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடி.

அன்டெனா காலத்தில் இது பெரிய விஷயமல்ல. சில நூறு மெகாஹேர்ட்ஸ் அலை, படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், கம்பத்தைத் திருப்பினால் சரி. மொக்கா 1125 முதல் 1675 மெகாஹேர்ட்ஸ் வரை ஓடுகிறது. அங்கே மோசமான முனை சிக்னலைத் திருப்பி அடிக்கிறது. பெட்டியும் சாமர்த்தியமானது: பாதை கெடக் கெட வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். பெட்டிகள் தமக்குள் பேசும் கச்சா இணைப்பு வேகம் 3,000 மெகாபிட்டுக்கு மேலிருந்து பாதிக்குக் கீழே போனாலும் 4ஜிக்கு அது தாராளம், வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள் ஒரேயடியாக அறுந்துவிடும். கடலோரத்தில் அந்த 2.5 கிகாபிட்டின் உண்மையான பயன் அரிமானத்துக்கு விட்ட இடைவெளிதான்.

அதனால் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் இணையப் பக்கம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அந்த இணைப்பு வேக எண்ணை இடைக்கிடை பார்த்தால் ஏதோ ஒரு முனை அழுகுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்க மடிக்கணினியின் முகவரியைக் கையால் மாற்ற வேண்டும். இப்படி வைத்தவரைக் கற்பிட்டிக்கு அழைத்துவந்து ஒரு சோளகம் முழுக்கத் தங்கவைக்க வேண்டும்.

மருந்து இருக்கிறது. திருகி மாட்டும் முனைகளை வெட்டியெறிந்துவிட்டு அழுத்தி மாட்டும் கம்ப்ரெஷன் முனை போடுங்கள். உள்ளே சிலிக்கோன் கிரீஸ், வெளியே தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப். ஊரில் வயரிங் பாஸ்மாரிடம் அந்த அழுத்தும் கருவி அநேகமாக இருக்காது. பெட்டி வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள்.

கூரையில் அன்டெனா இன்னும் நின்றால் வயரை அதிலிருந்து அறுத்துவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மின்னல் ரவுட்டருக்கு நேர்வழி தேட வேண்டியதில்லை. பழைய பூஸ்டரையும் எடுத்துவிடுங்கள், மொக்கா அதைத் தாண்டாது. சுவருக்குள் பிரிப்பான் இருந்தால் அதன் முதுகில் அச்சடித்த மெகாஹேர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள், மேல் எல்லை 900 என்றால் குப்பை. டிஷ் வயரில் மட்டும் கை வைக்க வேண்டாம். கூரையிலிருந்து இறங்கும் டிஷ் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரை பரந்திருக்கிறது, மொக்கா அதன் நடுவில் போய் உட்காரும். இரண்டில் ஒன்று சாகும்.

எனக்கு வந்த சோடி அமெரிக்கத் தட்டை பிளக்கோடு வந்தது. நம் சதுர முனைக்கு ஒரு அடாப்டர், பழைய உருண்டை முனைக்கு இன்னொன்று. அந்த அடாப்டர்களும் துருப்பிடிக்கும். கரண்ட் போனால் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் இருந்தும் கீழ்ப்பெட்டி செத்துக் கிடக்கும், அதற்கும் ஒன்று வேண்டும்.

அமெரிக்காவில் சோடி நூறு டொலரைத் தாண்டும், வரியும் தபாலும் தனி. வெளிச்சுவரில் குழாய் இறக்கி ஈதர்நெட் வயர் இழுக்க வழி உள்ளவர்கள் அந்தக் காசைப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டாம். சுவரை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீடா? வாங்கலாம். ஆனால் முதல் செலவு முனைகளுக்கு.