புகாரின் பிறப்பும் முடிவும்

ஒரு துறைமுக நகரம் எவ்வாறு தோன்றியது என்று கேட்டால், வரலாற்றாசிரியர் ஆற்றையும் வணிகத்தையும் சுட்டுவார். காப்பியத்திற்கு அது போதாது. அது நகருக்கு ஒரு பிறப்புக் கதையைப் படைக்கிறது. அந்நகரைப் பற்றிய அதன் தீர்ப்பும் அக்கதைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மணிமேகலையின் பதிகம் புகாருக்குச் சொல்லும் கதை அத்தகையது.

சம்பு என்னும் முதிய தெய்வம் நோற்றிருந்ததால் அவ்வூர் முதலில் சம்பாபதி எனப்பட்டது. காந்தமன் என்னும் சோழன் வேண்ட, அகத்தியரின் கமண்டலம் கவிழ்ந்து, காவிரி கிழக்கே ஓடி அவ்வூரை அடைகிறாள். தெய்வமோ வந்தவளை வாழ்த்தி, தன் பெயர் தாங்கிய ஊருக்கு அவள் பெயரைச் சூட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினம் பிறக்கிறது. தொடக்க நூலில் தம்பியைக் கொன்ற காயின் நகர் ஒன்றை எழுப்பித் தன் மகன் ஏனோக்கின் பெயரை இடுகிறான். உரோமையின் அடித்தளத்திலும் உடன்பிறந்தானின் குருதியே இருக்கிறது. தூய அகுஸ்தினார் 'கடவுளின் நகர்' நூலில் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசினார். பெயரை விட்டுக்கொடுத்தவளால் பிறந்த நகரை அவர் அறிந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

இத்துணை அருளோடு தொடங்கிய நகரின் முடிவைக் காப்பியம் சொல்லும் விதம் நம்மை இடறச் செய்கிறது. நாகநாட்டு இளவரசி பீலிவளை ஈன்ற மகனைக் கம்பளச்செட்டியின் மரக்கலத்தில் தந்தையிடம் அனுப்புகிறாள். கலம் உடைகிறது. சோழ மன்னன் மகனைத் தேடிக் கரையெங்கும் அலைகிறான். இந்திர விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வம் சபிக்க, கடல் நகரை விழுங்குகிறது.

மகனை இழந்த தந்தையின் மறதிக்கு ஓர் ஊரே மூழ்குவதா? சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த தீக்குக்கூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கிச் செல்லுமாறு கண்ணகி கட்டளையிட்டாள். இங்கே கடலுக்கு அத்தகைய கட்டளை ஏதும் இல்லை. அழிவை நேரில் காட்டாமல், பிறர் வாய்மொழியாகவே காப்பியம் சொல்லிச் செல்வது கவனிக்கத்தக்கது.

நமக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. தருமபுரத்தை அடுத்த காரைக்காலில் அரசலாறாய்க் கடல் சேர்வதும் அதே காவிரியின் கிளைதான். 2004 டிசம்பர் 26-இல் அக்கடல் காரைக்கால் முதல் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வரை ஏறி வந்தது. பெற்றோர் பலர் கரையெங்கும் பிள்ளைகளைத் தேடினர். பாவத்தின் தண்டனை என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் அன்று விழா எதுவும் மறக்கப்படவில்லை. கிறித்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் அது, ஞாயிற்றுக்கிழமையும்கூட. விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்தோரும் மாண்டனர். சாபக் கதையை இதற்குப் பொருத்திப் பார்ப்பவர் எந்த மறதியைக் காட்டுவார்?

சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த 18 பேரும் எருசலேமில் வாழ்ந்த மற்றவரைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு உரைத்ததை லூக்கா 13-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதைப் படித்துவிட்டு மணிமேகலைக்குத் திரும்பும்போது, சபித்த தெய்வத்தின் சினம் நம் நெஞ்சில் தங்கவில்லை. உடைந்த கலத்தின் செய்தி கேட்டு அலைகளின் ஓரமாய் மகனைத் தேடி நடக்கும் அந்தத் தந்தையே தங்குகிறான்.