கிரேடும் ஷிப்டும்

கிளாசிக்கல் கிட்டார் கச்சேரியை மட்டும் நம்பி வாடகை கொடுத்தவர் சென்னையில் அநேகமாக யாருமில்லை. கச்சேரி பேரைத் தரும். சோறு போடுவது வகுப்பு. அந்த வகுப்பை நிரப்புவது டிரினிட்டி கிரேடு தேர்வு. 1872இல் லண்டனில் தோன்றிய கல்லூரி ஒன்றின் பெயர் இருப்பதால்தான், நைலான் கம்பி எது, ஸ்டீல் கம்பி எது என்று தெரியாத பெற்றோரும் தயங்காமல் பணம் கட்டுகிறார்கள்.

அதில் நல்லதும் உண்டு. இந்த வாத்தியத்தில் எல்லாமே வலது கைதான். கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் நடக்க, மற்ற மூன்று விரல்கள் மேல்கம்பிகளில் மெட்டைத் தனியே எடுத்துப் பாட வேண்டும். நகம் சற்று வளர்ந்து, ஓரம் மழுங்கத் தேய்ந்திருந்தால்தான் நாதம் உருண்டு வரும். யூடியூப் பார்த்து நாலு கார்டு பிடிப்பவருக்கு இது ஒருநாளும் கைகூடாது. கிரேடு அதை வரிசையாக, தப்பிக்க விடாமல் கற்றுத் தருகிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நேரடித் தேர்வின் நூறு மதிப்பெண்ணில் 66 மூன்று உருப்படிகளுக்கு. வருஷம் முழுக்க அந்த மூன்றையே தேய்த்து டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளையிடம் நாலாவதைக் கேட்டால் முழிக்கிறது. அதே மூன்றைப் பத்துப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு ஆசிரியரின் சொந்தச் சாதகமும் நின்றுபோகிறது. மேடைக்காக வகுப்பெடுக்க வந்தவர், வகுப்புக்காக மேடையை விடுகிறார். இந்த முறையின் பெரிய நஷ்டம் இதுதான்.

இளையராஜா டிரினிட்டி தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்று உடனே எதிர்வாதம் வரும். உண்மைதான். ஆனால் அவர் மயிலாப்பூரில் இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டுக்கொண்டே, இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷின் குழுவில் வாசித்து உழைத்தவர். தேர்வு அங்கே கூடுதல் பயிற்சி, வாசிப்புதான் வாழ்க்கை. இப்போது அது தலைகீழ்.

சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கம் வந்தால் இந்த முறையின் இன்னொரு ஓட்டை தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள். படப்பை, வல்லம் சுற்றி அறையெடுத்துத் தங்கும் இருபது வயதுப் பிள்ளைகள். கையில் கொஞ்சம் காசு, அடுத்த அறையில் ஒரு கிட்டார், ஆசையும் உண்டு. ஆனால் சனிக்கிழமை ஐந்து மணி வகுப்புக்கு இந்த வாரம் வருபவர், ஷிப்ட் மாறினால் அடுத்த வாரம் அந்நேரம் லைனில் நிற்பார். கையுறை போட்டு உதிரிபாகம் மாட்டும் விரலில் நகம் வளர்ப்பதும் லேசல்ல. பள்ளிப் பிள்ளையின் வாரத்தை அளவெடுத்துத் தைத்த சட்டை அவருக்குச் சேராது.

2020இல் வந்த டிஜிட்டல் கிரேடு இந்த நேரச் சிக்கலைத் தீர்க்கிறது. தோதான நாளில் வாசித்து, வீடியோ எடுத்து அனுப்பினால் போதும். அதற்கு விலையும் உண்டு: நேரடித் தேர்வில் உள்ள, புதுத் தாளைப் பார்த்ததும் வாசிப்பது, காதால் கேட்டுப் பதில் சொல்வது போன்ற சோதனைகள் இதில் இல்லை. காதைப் பழக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் பிரபந்தம் கற்பவர்கள், குரு ஒருமுறை சொல்லக் கேட்டு இருமுறை திருப்பிச் சொல்லும் சந்தை முறையில், காதை வைத்தே ஆயிரக்கணக்கான பாசுரங்களை ஏற்றிக்கொள்கிறார்கள். நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர், வீடியோவுக்கு மூன்று உருப்படியைத் தயார் செய்வதோடு நிற்காமல், தானே ஒரு வரி வாசித்து அவரைத் திருப்பி வாசிக்கச் சொல்லலாம். அதற்குத் தேர்வாளரும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஆசிரியரின் விரலுக்கும் அன்றைய சாதகம் ஆகிவிடும்.