செவ்வொளியில் இரு சிறார்: 'மின்மினிகளின் கல்லறை' படத்தில் பாத்திர வண்ணமும் பொழுதும்

அசைவூட்டப் படங்களைத் தமிழ் வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர்கள் நம்மிடையே உளர். வரவேற்கத்தக்க போக்கே. ஆயின், பேச்சு வண்ணத்தைத் தொட்டதும் சிவப்பு சினம், நீலம் துயரம், மஞ்சள் மகிழ்ச்சி என்றொரு பட்டியல் வெண்பலகையில் ஏறிவிடுகிறது. அதன்பின் மாணவர் படத்தைப் பார்ப்பதில்லை, பட்டியலைத்தான் பார்க்கின்றனர். அப்பட்டியல் முற்றிலும் பயன்படாமற்போகும் படம் ஒன்றினை ஈண்டு ஆராயலாம்.

தகஹாத்தா இசாவோ இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை', 1988 ஏப்ரல் 16ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. நொசாக்கா அக்கியுக்கி 1967இல் எழுதிய கதையே இதற்கு மூலம். 1945இல் கோபே நகர் மீதான குண்டுவீச்சில் தாயை இழந்த சேய்தா என்னும் பதினான்கு அகவைச் சிறுவனும் அவன் தங்கை நான்கு அகவைச் செட்சுகோவும் பட்டினியால் மடிவதே கதை. பாத்திரங்களுக்கான வண்ணத்தை வகுத்தவர் யசுதா மிச்சியோ. கிப்லி கலைக்கூடத்தின் பல படங்களுக்கு வண்ணம் வகுத்து, 2016இல் மறைந்த அம்மையார் இவர்.

இப்படம் கணினிக்கு முந்தைய முறையில் உருவானது. ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாளின் முன்புறம் கோடும் பின்புறம் வண்ணமும் அமையும். ஒரு பாத்திரத்தின் தோல், தோலின் நிழல், கூந்தல், உடை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட தனித்தனி வண்ணம் உண்டு. பகலுக்கு ஒரு வரிசை வகுத்தால், இரவுக்கு மற்றொன்றும் அந்திக்கு வேறொன்றும் வகுத்தாக வேண்டும். தாள்கள் அடுக்கப்படும்போது அடியிலுள்ளதன் நிறம் சற்று மங்குவதால் அதற்கும் ஈடுசெய்ய வேண்டும். இன்று கணினியில் ஒரு நீலப் படலத்தை மேலே விரித்து இரவாக்கிவிடலாம். பழைய முறையிலோ ஒளி மாறும் ஒவ்வோரிடத்திலும் ஒருவர் அமர்ந்து, இந்தக் கன்னம் இப்போது என்ன நிறம் என்று முடிவுசெய்தாக வேண்டும். எனவே இப்படத்தில் வண்ண மாற்றத்தைத் தற்செயல் எனத் தள்ளுவதற்கில்லை.

தொடக்கக் காட்சியை நோக்குக. சன்னொமியா தொடருந்து நிலையத்தில் தூணில் சாய்ந்தபடி சேய்தா இறந்துகொண்டிருக்கிறான். அவனை நின்று பார்ப்பவனும் சேய்தாவே, இறந்துவிட்ட சேய்தா. சாகின்றவன்மேல் நிலையத்தின் மங்கிய ஒளி, காண்கின்றவன்மேல் செவ்வொளி. முகம் ஒன்று, வண்ண வரிசை இரண்டு. அச்சிவப்பைத் தரும் விளக்கு எதுவும் அவ்விடத்தில் இல்லை. அவன் முகத்தில் சினமும் இல்லை. எரிகுண்டுத் தீயின் நிறமே அது என்பாரும் உளர். அக்கூற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் அது போதாது. பின்னர்த் தாயின் கிமோனோக்களை அரிசிக்காக விற்கும்போது, செட்சுகோ கதறி அழுகிறாள். அங்கும் செவ்வொளியில் நிற்கும் சேய்தா, அவ்வழுகையைக் கேட்க மாட்டாமல் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். நடப்பதைத் தடுக்க அவனால் இயலாது; அது முடிந்துபோன ஒன்று. இச்சிவப்பு உணர்ச்சியின் பெயரன்று. வினைச்சொல்லில் காலம் காட்டும் இடைநிலை செய்யும் வேலையையே இது செய்கிறது என்பேன். படுகின்றவன் ஒரு காலத்தவன், காண்கின்றவன் வேறொரு காலத்தவன் என்பதை வேறு எக்குறியுமின்றி நமக்கு உணர்த்துவது இதுவே.

உயிரோடிருக்கும் சிறாரின் வண்ணம் நேர்மாறானது. அது எப்போதும் உலகத்து ஒளிக்கே கட்டுப்படுகிறது. கொசுவலைக்குள் விடப்பட்ட மின்மினிகள் ஒளிரும்போது இருவர் முகமும் புலப்படுகின்றன; ஒளி அணைந்தால் முகமும் இருளில் மறைகிறது. டிஸ்னியின் 'பாம்பி' (1942) படத்தில் இரு மான்கள் பொருதும் காட்சியோடு இதனை ஒப்பிடலாம். அங்கு உடலின் இயல்பு நிறம் மறைந்து, போரின் கொதிப்பே நிறமாகிறது. அதுவும் சிறந்த காட்சிதான். ஆனால் தகஹாத்தாவின் சிறாருக்கு அச்சலுகை இல்லை. செட்சுகோ இறப்பது கோடைப் பகலில். வானம் இருளவில்லை, நீலப் படலம் எதுவும் கவியவில்லை. துயரத்துக்கு இருளை எதிர்பார்க்கப் பழகிய கண் இங்குத் தடுமாறும்.

தமிழ் பயின்றோர் தடுமாற வேண்டுவதில்லை. தொல்காப்பியம் கூறும் முதற்பொருளில் நிலத்தோடு பொழுதும் அடங்கும். பிரிவை உரிப்பொருளாகக் கொண்ட பாலைக்கு உரிய பொழுதுகள் வேனிலும் நண்பகலும். பிரிவின் வெம்மையை வெயிலில் வைத்தது நம் மரபு. இதனைக் கொண்டு ஜப்பானியர்க்கு நாமே முன்னோடி என்று முழங்குவது நம் கருத்தரங்குகளில் அவ்வப்போது நிகழ்வது. அவ்வுரிமை எனக்கு வேண்டா. பொழுதை உணர்ச்சியின் அடிமையாக்காமல், உணர்ச்சி நிகழும் களமாகக் காணும் பயிற்சி நமக்கு உண்டு என்பது மட்டுமே என் கருத்து.

கோடுகளைப் பற்றியும் ஒரு சொல். வழக்கமான கறுப்புக்கு மாற்றாக இப்படத்தின் புறக்கோடுகள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் அமைந்துள்ளன. மென்மை கருதியே அவ்வாறு செய்ததாக யசுதா குறிப்பிட்டுள்ளார். கறுப்புக்கோடு எவ்வொளியிலும் உருவத்தைப் பின்னணியினின்று வெட்டி எடுத்து நிறுத்தும். பழுப்புக்கோடோ சூழலின் ஒளிக்கு இணங்கிப்போகும். தங்களைச் சூழ்ந்த உலகினின்று தப்ப வழியற்ற சிறார்க்கு இக்கோடு பொருத்தமானதே.

குறையும் ஒன்றுண்டு. செட்சுகோவின் இறப்பிற்குப் பின், பழைய பாடல் ஒலிக்க அவள் குகையருகே விளையாடிய நினைவுகள் தொடர்ந்து வரும் பகுதியில், அதுவரை காத்த அடக்கத்தை இயக்குநர் நெகிழவிடுகிறார். ஒளி சொல்லி முடித்ததை இசை மீண்டும் சொல்கிறது.

ஆயினும் இறுதிக் காட்சியில் படம் தன் நிலைக்கு மீள்கிறது. செட்சுகோ தமையன் மடியில் துயில்கிறாள். இருவர்மேலும் அதே செவ்வொளி. அவர்களுக்கு அப்பால், அவர்கள் ஒருபோதும் காணாத கோபே நகரின் உயர்ந்த கட்டடங்கள் விளக்கேற்றி நிற்கின்றன. சேய்தா நம்மை நேராக நோக்குகிறான்.