விஞ்ஞானியும் பத்திரிகை வாசகரும்: ஹோல்டேனின் எழுத்துக்கள் எழுப்பும் சில வினாக்கள்

விஞ்ஞானிகள் தமது ஆய்வுகளைப் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி ஆகிய வெகுசனத் தொடர்பு சாதனங்களின் வாயிலாக மக்களுக்கு எடுத்துரைக்கப் பயிற்றப்படல் வேண்டும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. கலைச்சொற்களைத் தவிர்த்தல், முடிபை முதலிற் கூறுதல், நிருபரின் வினாவுக்குச் சுருங்க விடையளித்தல் முதலியன இதற்கான பட்டறைகளிற் கற்பிக்கப்படுகின்றன. இவை பயனற்றவை அல்ல. ஆயின், இப்பிரச்சினையை வெறும் மொழிநடைப் பிரச்சினையாகச் சுருக்குவது, இலக்கியத்தில் உருவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்து நோக்கிய அழகியல்வாதிகளின் தவற்றையே மீண்டும் செய்வதாகும். யார், யாருக்கு, எவருடைய சாதனத்தின் மூலம் பேசுகிறார் என்ற வினாக்களை எழுப்பாது நடையைப் பற்றிப் பேசுவது சாத்தியமன்று. இதனைத் தெளிவுபடுத்தப் பிரித்தானிய வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த உயிரியலாளருள் ஒருவரான ஜே. பீ. எஸ். ஹோல்டேன், பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியின் நாளேடான ‘டெயிலி வேர்க்கர்’ இதழில் 1937 முதல் 1950 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகளை எழுதினார். இத்தகைய கட்டுரையை எவ்வாறு எழுதுவது என்பது பற்றியும் அவர் ஒரு கட்டுரை எழுதியுள்ளார். வாசகருக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்குக, வாக்கியங்களைச் சுருக்குக, எழுதியதை விஞ்ஞானம் அறியாத நண்பரிடம் கொடுத்துப் பார்க்குக என்ற அவரது அறிவுரைகளை இன்றைய பட்டறைகளும் ஏற்கும். எனினும் அவரது எழுத்தின் வலிமை இவ்வுத்திகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில் விமானக் குண்டுவீச்சின் விளைவுகளை நேரிற் கண்ட ஹோல்டேன், 1938இல் வெளியிட்ட விமானத் தாக்குதற் பாதுகாப்புப் பற்றிய நூலில், ஆழ்நிலக் காப்பிடங்கள் அமைக்கப்படல் வேண்டுமென வாதிட்டார். குண்டின் பௌதிகத்தை விளக்கிய அந்நூல், அவ்விளக்கத்தைக்கொண்டு அரசிடம் எதனைக் கோரலாம் என்பதையும் வாசகருக்குக் கூறிற்று. அவருடைய வாசகர் அறிவைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமல்லர், அதனைக்கொண்டு செயற்படுபவருமாவர். தெளிவான நடை இவ்வுறவின் விளைவேயாகும்.

ஆயின் ஹோல்டேனை ஓர் இலட்சிய உருவாகக் கொள்வதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1948இல் சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் லைசென்கோவின் கோட்பாடு அதிகாரபூர்வமாக நிலைநாட்டப்பட்டது. மரபியலறிஞர் வவிலோவ் 1943இலேயே சிறையில் இறந்திருந்தார். லைசென்கோவை முற்றாக ஏற்காத ஹோல்டேன், அவரைப் பகிரங்கமாக நிராகரிக்கவும் தயங்கினார். அவரது துறையே மரபியல் என்பதால் இத்தயக்கம் பாரதூரமானது. இதனைத் தனிமனித பலவீனமென விட்டுவிட முடியாது. முதலாளியின் பத்திரிகைக்கு உடைமையாளர் உண்டு என்பதை எடுத்துக்காட்டும் நாம், கட்சியின் பத்திரிகைக்கும் கட்டளையிடுவோர் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. உண்மை யாருக்குச் சாதகமானது என்று கணக்கிட்டபின் வெளியிடப்படும் விஞ்ஞானம், எப்பக்கத்திலிருந்து வந்தாலும் மக்களுக்குரியதன்று.

1985இல் றோயல் சொசைட்டி, வோல்ட்டர் பொட்மர் தலைமையில் வெளியிட்ட அறிக்கை, மக்களுடன் தொடர்புகொள்வது விஞ்ஞானியின் கடமை என வலியுறுத்தியது. இது ஒரு முன்னேற்றமே. ஆயின் மக்களிடம் அறிவுக் குறைபாடு உள்ளது, அதனை நிரப்பினால் நம்பிக்கை பிறக்கும் என்ற எடுகோள் அக்காலச் சிந்தனையில் மேலோங்கியிருந்தது. மறு ஆண்டே அது சோதனைக்குள்ளாயிற்று. 1986இல் செர்னோபில் அணுவுலை விபத்தின்பின் பெய்த மழையில், வட இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்புல்வெளிகளிற் கதிரியக்க சீசியம் படிந்தது. செம்மறியாடுகளை விற்பதற்கான தடை மூன்று வாரங்களில் நீங்குமென விஞ்ஞானிகள் கூறினர். அவர்களது கணிப்பு களிமண் நிலங்களை ஆதாரமாகக் கொண்டது. மலைநிலத்து முற்றா நிலக்கரி மண்ணிலோ சீசியம் தொடர்ந்து புல்லுக்குள் ஏறிற்று. சில பண்ணைகளில் தடை 2012 வரை நீடித்தது. மேய்ச்சலின் இயல்பை அறிந்திருந்த விவசாயிகளின் அறிவு பொருட்படுத்தப்படவில்லை என்பதைச் சமூகவியலாளர் பிறையன் வின் தமது ஆய்விற் காட்டினார். ஈண்டு குறைபாடு இருந்தது கேட்போரிடத்தன்று. பேசக் கற்ற விஞ்ஞானி கேட்கக் கற்றிருக்கவில்லை.

ஊடகத்திற் பேசும் திறமை எப்பக்கமும் வெட்டும் ஆயுதம் என்பதை 1998ஆம் ஆண்டு நிகழ்ச்சி உணர்த்தியது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி பற்றி அன்ட்ரூ வேக்பீல்ட் முதலானோர் பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, பத்திரிகையாளர் மகாநாட்டின் மூலம் பெருஞ் செய்தியாயிற்று. தடுப்பூசி உற்பத்தியாளருக்கு எதிரான வழக்கைத் தயாரித்த சட்டத்தரணியின் மூலம் வேக்பீல்ட் பணம் பெற்றிருந்தமை பின்னரே வெளிவந்தது. 2010இல் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. அதற்கிடையில் தடுப்பூசி பெறும் பிள்ளைகளின் தொகை வீழ்ச்சியுற்றிருந்தது. நிபுணர்களை நிருபர்களுடன் இணைக்கும் விஞ்ஞான ஊடக நிலையம் இச்சூழலிலேயே 2002இல் இலண்டனில் நிறுவப்பட்டது.

தவறு முழுவதும் பத்திரிகையாளருடையதே என்ற கருத்தும் நிலைக்கவில்லை. இருபது பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 ஊடக அறிக்கைகளைக் கார்டிவ் பல்கலைக்கழக ஆய்வாளர் பரிசீலித்து 2014இல் முடிபுகளை வெளியிட்டனர். 40 சதவீதமானவற்றில் வாசகருக்கான அறிவுரையும், 33 சதவீதமானவற்றிற் காரணகாரியத் தொடர்பும் மிகைப்படுத்தப்பட்டிருந்தன. செய்தியின் மிகை பெரும்பாலும் பல்கலைக்கழக அறிக்கையிலேயே தொடங்கிவிடுகிறது. நிதிக்கும் புகழுக்கும் போட்டியிடும் நிறுவனமாகப் பல்கலைக்கழகம் மாற்றப்படும்போது, ஆய்வு சரக்காகவும் அறிக்கை விளம்பரமாகவும் மாறுவதில் வியப்பில்லை.

இவ்வனுபவம் எமக்கும் உரியது. வடமத்திய மாகாண விவசாயிகளைத் தாக்கிவரும், காரணம் உறுதிசெய்யப்படாத சிறுநீரக நோய் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே வெளிவந்துள்ளன. கருதுகோள் நிலையிலிருந்த ஒரு தொடர்பை முன்னிறுத்தி 2015இல் கிளைபோசேற் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்காகத் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. நோயையும் பயிரழிவையும் சுமந்த விவசாயி இவ்விவாதங்களிற் பேசப்பட்ட பொருளாக இருந்தாரேயன்றிப் பேசுபவராக இருக்கவில்லை.

ஆகவே எமது பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி அளிக்கப்படுமாயின், அது தமிழிலும் சிங்களத்திலும் எழுதும் பயிற்சியாகத் தொடங்குதல் வேண்டும். ஆய்வுக்குப் பணம் வழங்கியோர் யாவர், எது நிறுவப்பட்டது, எது இன்னும் ஐயத்துக்குரியது என்பவற்றை மறைக்காது கூறும் ஒழுக்கத்தை அது வளர்த்தல் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, எழுதப்பட்டதற்கு மறுமொழி கூறும் உரிமை வாசகருக்கு வழங்கப்படல் வேண்டும். மறுமொழிக்கு இடமில்லாத எளிமை, எத்துணை இனிய தமிழில் அமைந்தாலும், அதிகாரத்தின் மொழியாகவே எஞ்சும்.